சாக்ஸபோனும் ஆர்கனும்

காற்றைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். அது குழலினுட் புகுந்து ஒலியாய் வெளிப்படும்போதே அதன் ஆற்றலை உணர்கின்றோம். நாதசுரம், புல்லாங்குழல் முதலியவற்றை நம் முன்னோர் துளைக்கருவி என வகுத்துப் போற்றினர். மேனாட்டிலிருந்து நம் நாடு புகுந்த சாக்ஸபோனும் ஆர்கனும் காற்றால் இயங்கும் கருவிகளே. முன்னது ஒரு மனிதனின் மூச்சால் வாழ்வது. பின்னது துருத்தியின் காற்றால் வாழ்வது. இவ்விரண்டிலும் தேர்ந்த இருவர் ஓரவையிற் கூடி இசைப்பது எங்ஙனம், அவர்தம் தொழில் வாழ்க்கை எத்தகையது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சாக்ஸபோனை ஆக்கியவர் 1814 ஆம் ஆண்டிற் பெல்ஜியம் நாட்டிற் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர். 1846 இல் பாரிஸ் மாநகரில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையாலானதாயினும், நாணற்சீவாளியின் அதிர்வே ஒலிக்குக் காரணமாதலின், இசைநூலார் அதனை மரக்குழல் இனத்துள் வைப்பர். ஆர்கனோ ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது. அதன் சிறிய தம்பி எனத்தக்க ஆர்மோனியத்திற்கு டெபேன் என்பவர் 1842 இல் அதே பாரிஸ் நகரிற் காப்புரிமை பெற்றார். ஆகவே நம் ஊர்களிற் பழகிய இவ்விரு கருவிகளும் ஒரே நகரில், நான்காண்டு இடைவெளியில் உலகறிய வந்தவை என்பது நினைவுகூரத் தக்கது.

சாக்ஸபோனைக் கருநாடக இசைக்குரியதாக்கிய பெருமை கத்ரி கோபால்நாத் அவர்களைச் சாரும். 1949 இல் தென்கன்னட நாட்டில் நாதசுரக் கலைஞர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த அவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் இக்கருவியைக் கேட்டு மனம் பறிகொடுத்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர்ச் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். கமகத்திற்கு இடந்தராத கருவி எனப் பலரும் ஒதுக்கியதைத் தம் ஆண்டாண்டுப் பயிற்சியால் வசப்படுத்தினார். வயலின் மேதை கன்னியாகுமரி அவர்கள் அவருடன் பல மேடைகளில் இணைந்து வாசித்தார். 1994 இல் இலண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் இசை ஒலித்தது. அவ்வாண்டே வெளிவந்த ‘டூயட்’ என்னும் திரைப்படம் அவ்வொலியைத் தமிழ்நாட்டின் வீடுதோறும் சேர்த்தது. 2004 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2019 இல் மறைந்தார்.

ஆர்கன் கலைஞரின் வாழ்க்கை இதனின் வேறானது. அவர் பெரும்பாலும் சபையாரின் கண்ணுக்கு மறைந்தே அமர்கின்றார். ஞாயிறுதோறும், திருமண நாளிலும் அடக்க நாளிலும், அவர் கரமும் காலும் உழைக்கின்றன, கைதட்டல் அவருக்கில்லை. சென்னைப் புனித அந்திரேயா ஆலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவையும் நடத்திய ஹேண்டல் மானுவேல் அவர்கள் இவ்வகைத் தொண்டிற்குச் சிறந்த சான்றாவர். மேடையில் விளங்குபவர் ஒருவர், மறைவில் தாங்குபவர் ஒருவர். இவ்விருவரும் கூடுவதே நம் பொருள். அத்தகைய கூட்டுறவு இயலாததன்று. நார்வே நாட்டுச் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பாரெக்கும் ஆர்கன் கலைஞர் ஷெல் யான்சனும் 1979 இல் ஸ்டாக்ஹோமிலுள்ள ஆலயமொன்றில் இருவராகவே இசைத்து ஓர் இசைத்தட்டினைப் பதிவு செய்தனர்.

இனி, இக்கூட்டுறவின் முதல் இடர்ப்பாட்டைப் பழனிமலை கொண்டே விளக்குவோம். கோடைக்கானல் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் உள்ளது. 1845 இல் மதுரை அமெரிக்க மிஷனார் ஆங்கு வீடு அமைத்த காலந்தொட்டே அம்மலையிற் கிறிஸ்தவ வழிபாட்டிசை ஒலித்து வருகின்றது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்லும். 35 பாகை வெப்பத்தில் ஒரு நொடிக்கு 352 மீட்டர் செல்லும் ஒலி, 15 பாகையில் 340 மீட்டரே செல்லும். அதனாற் குழலினுள் உள்ள காற்று குளிர்ந்தால் சுருதி தாழும். இவ்விரு வெப்பநிலைகட்கும் இடைப்பட்ட வேறுபாடு அரைச்சுரத்தின் பாதிக்குச் சற்று மிகும். கால்மிதி ஆர்கனின் பித்தளை நாக்குகளோ காற்றின் குளிரால் அத்துணை மாறுவதில்லை. எனவே மலையடிவாரத்துப் பழனியில் ஒத்திசைத்த இரு கருவிகளும் மலையுச்சியில் மாறுபடும். உயரமன்று, குளிரே இதற்குக் காரணம். ஆர்கன் கலைஞர் நாக்குகளை நொடியில் திருத்த வல்லாரல்லர். சாக்ஸபோன் கலைஞரே தம் மூச்சாற் குழலை வெதுப்பி, வாய்முனையைச் சிறிது உள்ளே தள்ளிச் சுருதியை உயர்த்திக்கொள்ள வேண்டும். புகழுடையவர் புகழில்லாதவருக்கு இணங்கும் முதற்பாடம் இது.

இரண்டாம் பாடத்தில் இணங்குபவர் ஆர்கன் கலைஞர். சாக்ஸபோன் கலைஞர் உதட்டின் அழுத்தத்தாலும் விரலின் நுட்பத்தாலும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்வார். ஆர்கனின் கட்டைகளோ படிக்கட்டைப் போன்றவை. படிகளுக்கு இடையே நிற்க இடமில்லை. இக்குறை பற்றியே அகில இந்திய வானொலி 1940 முதல் மூன்று பதிற்றாண்டுகள் ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. ஆதலால் கமகம் நடக்குமிடத்தில் ஆர்கன் கலைஞர் பல சுரக்கோவைகளை அடுக்காது, சட்சமத்தையும் பஞ்சமத்தையும் நீள ஒலித்துத் தாங்குதலே முறை. பாமாலையின் நேர்ச்சுரங்களில் மட்டும் கோவைகளை விரிக்கலாம். எப்பொழுது வாசிப்பது என்பதினும் எப்பொழுது வாசியாதிருப்பது என்பதே அவருக்கு அரிய கல்வி.

சுருதிகளின் நுட்பத்தைத் தமிழர்க்கு விரிவாக ஆராய்ந்துரைத்தவர், இம்மலையடிவாரத் திண்டுக்கல்லிற் பயின்ற ஆபிரகாம் பண்டிதர். 1917 இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் அவருடைய பெருநூல், தமிழிசைக்குரிய சுருதிகள் இருபத்திரண்டல்ல, இருபத்துநான்கு என வாதிக்கின்றது. மேனாட்டிசையையும் நம்மிசையையும் ஒருங்கே கற்பவர் அவ்வாராய்ச்சியைப் புறக்கணித்தல் தகாது.

தேவாலயத்தில் சாக்ஸபோன் தகுமோ எனச் சிலர் ஐயுறுவர். 1903 இல் பத்தாம் பயஸ் பாப்பரசர் ஆர்கனைத் திருக்கோயிற்குரியதெனக் கொண்டு, ஏனைய ஊதுகருவிகளை ஆயரின் இசைவுடனும் அளவுடனும் மட்டுமே அனுமதித்தார். 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ ஆர்கனைப் போற்றியதோடு, வழிபாட்டிற்குப் பொருந்தும் பிற கருவிகட்கும் வழி திறந்தது. 150 ஆம் சங்கீதம் பல்வகைக் கருவிகளாலும் துதிக்க அழைப்பதை நாம் அறிவோம். ஆதலின் வினவற்பாலது கருவியின் பிறப்பன்று. அதனைக் கையாளுவோரின் ஒழுங்கும் வணக்கமுமே.

இற்றைநாளிற் பல ஆலயங்களில் மின்விசைப் பலகைகள் ஆர்கனின் இடத்தைப் பெற்றுவிட்டன. பழைய கருவி பழுதுற்றால் திருத்துவார் அரியர். பயில வருவாரோ அவரினும் அரியர். மேடையேறும் சாக்ஸபோனுக்கு மாணவர் கிடைப்பர். மறைவில் உழைக்கும் ஆர்கனுக்கு யார் முன்வருவர்? தாங்குவோன் இல்லாதவழித் தனித்து ஒலிப்போன் ஒலியும் மெலியும். நம் கல்லூரியின் மாணவரும் பழைய மாணவரும் தத்தம் ஊராலயத்தில் வாளாகிடக்கும் ஆர்கனொன்றைத் திறந்து, தூசு துடைத்து, ஓர் இளைஞனையேனும் அதன்முன் அமர்த்துவாராயின், இணங்கி வாழும் அக்கலை நம் நாட்டில் மறையாது நிலைபெறும்.