இரண்டு சுற்றுகளில் ஒரு சாதனை

ஓட்டப் பந்தயங்களுள் 800 மீட்டர் ஓட்டம் தனித்தன்மை வாய்ந்தது. தடத்தை இருமுறை சுற்றினால் பந்தயம் முடிந்துவிடும். தேர்ந்த வீரருக்கு இரண்டு நிமிஷங்கூட ஆவதில்லை. ஆயினும் குறுந்தூர ஓட்டத்திற்குரிய வேகமும், நெடுந்தூர ஓட்டத்திற்குரிய தாங்கும் ஆற்றலும் ஒருங்கே அமைந்தவருக்கே அது வசப்படும். விரைந்தோடும்போது தசைகள் வேண்டும் பிராணவாயு முழுவதையும் மூச்சினால் ஈடுசெய்ய இயலுவதில்லை. ஆகவே, உடல் ஒருவகையில் கடன் பெற்றே ஓடுகிறது. முதற் சுற்றில் அளவுக்கு மீறிக் கடன்பட்டவர், இரண்டாம் சுற்றில் அதனை வட்டியுடன் தீர்க்க நேரிடும்.

இவ்வோட்டத்தில் நம் நாட்டின் பெயரை நிலைநாட்டியவர் ஸ்ரீராம் சிங். 1948ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்தில் பிறந்த இவர், 1968இல் ராஜபுதன ரைபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் பயிற்சியாளர் இலியாஸ் பாபரின் பார்வை இவர்மீது விழுந்தது. 400 மீட்டர் ஓட்டத்தில் ஈடுபட்டிருந்த இளைஞரை 800 மீட்டருக்குத் திருப்பியவர் அவரே.

பயன் விரைவிலேயே தெரிந்தது. 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டுகளில், பர்மாவின் ஜிம்மி கிராம்ப்டனுக்கு அடுத்தபடியாக வந்து, ஸ்ரீராம் சிங் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஆனால் 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் முதற் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. ஆசியாவில் முன்னணியில் நிற்பது வேறு, உலக அரங்கில் நிற்பது வேறு என்பதை அப்பந்தயம் உணர்த்தியது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1974இல் தெஹ்ரானில் 1 நிமிஷம் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார்.

1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அவர் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். உலகின் தலைசிறந்த வீரர்களிடையே பின்தங்கி, வாய்ப்பை எதிர்நோக்கி ஓடியிருக்கலாம். அவரோ துணிந்து முன்னணியைக் கைக்கொண்டார். முதற் சுற்றை 50.85 விநாடிகளில் கடந்தார். பின்னர் கியூபாவின் ஆல்பெர்ட்டோ யுவாந்தொரேனா அவரை முந்திச் சென்று, 1 நிமிஷம் 43.50 விநாடிகளில் உலகச் சாதனையுடன் வென்றார். முற்கூறிய கடன் ஸ்ரீராம் சிங்கையும் விடவில்லை. அவருடைய இரண்டாம் சுற்று முதற் சுற்றைவிட ஏறக்குறைய நான்கு விநாடிகள் மிகுந்தது. அவருக்குக் கிட்டியது ஏழாம் இடம். எனினும், அவர் முதற் சுற்றில் அமைத்த வேகம் தமது சாதனைக்குத் துணைநின்றதாக யுவாந்தொரேனாவே பின்னர் பாராட்டினார்.

பதக்கம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோமானால், அந்நாளை நாம் தோல்வியென்றே எழுதிவைப்போம். ஆனால் ஸ்ரீராம் சிங் தம் வாழ்நாளில் மிக விரைந்து ஓடியது தங்கம் வென்ற தெஹ்ரானில் அன்று. ஏழாவதாக வந்த மாண்ட்ரியலிலேயே. அங்கு அவர் பதித்த 1 நிமிஷம் 45.77 விநாடி என்னும் தேசியச் சாதனையை, 2018இல் கேரளத்து ஜின்சன் ஜான்சன் முறியடிக்கும் வரை, 42 ஆண்டுகள் எவரும் வெல்லவில்லை. ஜான்சன் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிஷம் 45.65 விநாடிகள், வேறுபாடு 0.12 விநாடியே.

1978இல் பாங்காக்கில் ஸ்ரீராம் சிங் மீண்டும் தங்கம் வென்றார். எட்டாண்டுகளுக்கு முன் வெள்ளி பெற்ற அதே நகரில் கிட்டிய வெற்றி அது. இளம் வீரர்களின் முதல் தோல்வியைக் கண்டு தீர்ப்புக் கூற முற்படும் நாம், மியூனிக்குக்கும் தெஹ்ரானுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் நலம்.