இரவில் வாய் திறக்கும் நாகதாளி

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் புல்பூண்டெல்லாம் கருகிப்போகும். மார்கழி மாரியில் செழித்து நின்ற பச்சையை ஆடியில் தேடினாலும் காணக் கிடைக்காது. ஆனால் கரையோர மணலில் நாகதாளிப் பற்றை மட்டும் கொழுகொழுவென்று நிற்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதைச் சப்பாத்திக்கள்ளி என்பார்கள்.

அதன் தட்டையான பச்சை மடல்களை இலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அவை தண்டு! உண்மையான இலையைப் பார்க்க வேண்டுமானால் புதிதாகத் துளிர்க்கும் மடலைக் கவனியுங்கள். சின்னச் சின்னப் பச்சைக் கூம்புகள் நீட்டிக்கொண்டு நிற்கும். மடல் முற்றுவதற்குள் அவை உதிர்ந்துவிடும். அகன்ற இலை இருந்தால் வெயிலில் நீர் ஆவியாகிப் போகும். அந்தச் செலவே வேண்டாமென்று, உணவு தயாரிக்கும் வேலையைத் தண்டு எடுத்துக்கொண்டது. முள்ளும் இலை மாறி வந்ததுதான். முள்ளின் அடியில் மெத்தென்று ஒரு திட்டு இருக்கும். அதில் நுண்ணிய சுணை. பெரிய முள் குத்தினால் பிடுங்கி எறியலாம். சுணை ஏறினால் இலேசில் போகாது. அதன் நுனியில் பின்நோக்கிய கொக்கிகள் உண்டு. ஆகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பாருங்கள்.

மடலுக்கு வெளியே மெழுகுப் பூச்சு. உள்ளே நீரைப் பிடித்து வைக்கும் வழுவழுப்பான பசை. வேர் அதிக ஆழம் போகாது. மேல்மண்ணிலேயே பரந்து கிடக்கும். சிறு தூறல் விழுந்தாலும் மணல் காய்வதற்குள் குடித்துவிடும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த தந்திரம் வேறு. உணவு தயாரிக்கச் செடிக்குக் காபனீரொட்சைட்டு வேண்டும். மாமரம் பகலில் இலைவாய்களைத் திறந்து அதை எடுத்துக்கொள்கிறது. திறந்த வாய் வழியாக நீராவியும் வெளியேறிவிடும். கச்சான் காலத்தில் இது கட்டுப்படியாகுமா? நாகதாளி பகல் முழுக்க வாயை இறுக மூடிக்கொண்டு, இரவு குளிர்ந்த பிறகுதான் திறக்கிறது. இரவில் வெயில் இல்லையே என்று கேட்பீர்கள். உள்ளே வந்த வாயுவை மலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் வாயை மூடிவிட்டு, அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து உணவாக்குகிறது. அதனால் மடலில் விடியற்காலையில் புளிப்பு கூடியிருக்கும், பின்னேரம் குறைந்திருக்கும்.

இந்தப் புளிப்பை நாக்கினாலேயே பிடித்தவர், இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர். இலை ஓரத்திலேயே குட்டிச்செடி முளைக்குமே ரணகள்ளி, அதன் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று அவர் எழுதியது 1815இல் லண்டனில் அச்சானது. நாகதாளியில் இந்தச் சோதனை வேண்டாம். சுணை நாக்கில் ஏறிவிடும்!

நாகதாளி நம் ஊர்ச் செடி அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முறிந்து விழுந்த மடல் கிடந்த இடத்திலேயே வேர்விடும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பும். தின்று அழிக்கும் பூச்சியும் இல்லாத நாட்டில் கேட்க வேண்டுமா? காணி காணியாகப் பிடித்துக்கொண்டது. எனவே 1920களில் அதன் சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சியை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1926இல் இங்கிருந்து அது தென்னிந்தியாவுக்கும் போனது. அங்கே பற்றைகள் பெருமளவு அழிந்தன.

மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோலத் தெரிந்தால் அந்தப் பூச்சியாக இருக்கலாம். ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள், செக்கச்செவேலென்று சாயம் வரும். இதன் நெருங்கிய உறவுப் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பில்தான் மெக்சிகோ மக்கள் துணிக்குச் சாயமேற்றினார்கள். சில இனிப்புகளில் அந்தச் சிவப்பை இன்றும் சேர்க்கிறார்கள்.