சிவப்புத் தாளுக்குப் பின்னால் ஹைட்

திருச்சி கே.கே. நகர் டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் என்னோடு வந்து உட்காரும் தம்பி ஒருவன், இயற்பியல் படிக்கிறான். நேற்று கிளாஸைக் கையில் வாங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான்: "அண்ணே, 1931-ல வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' பார்த்தேன். நம்ம 'அந்நியன்' கதைதானே அது?"

"பாதிதான்டா" என்றேன்.

ஸ்டீவன்சனின் ஜெகில் கதை 1886-ல் வெளிவந்தது. அதில் ஜெகில் மருந்தைத் தானே கலக்கி, தானே குடித்து ஹைடாக மாறுகிறார். ஹைட் செய்வதெல்லாம் அவருக்குத் தெரியும். உள்ளூரில் பெரிய மனுஷன், குடிக்க மட்டும் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறுகிறவர் என்று வைத்துக்கொள்ளலாம். போகப்போக மருந்து இல்லாமலே ஹைட் வர ஆரம்பிப்பதுதான் வினை. 'அந்நியன்' நாயகன் அம்பி அப்படியில்லை. அவனுக்குள்ளிருக்கும் அந்நியன் செய்த கொலை அவனுக்குத் தெரியவே தெரியாது. மல்டிபிள் பெர்சனாலிட்டி என்று படத்தில் டாக்டராக வரும் நாசர் விளக்குவார். (இதைப் பலர் மனச்சிதைவு என்கிறார்கள். மனச்சிதைவு வேறு நோய்.)

"அது இருக்கட்டும்ணே. வெட்டே இல்லாம, கண் முன்னாலயே ஜெகிலா நடிச்ச மார்ச் முகம் கறுத்து மாறுதே, எப்படி? அப்ப கம்ப்யூட்டர் ஏது?"

கடைக்காரரிடம் மிட்டாய் சுற்றிவரும் சிவப்புக் கண்ணாடித் தாளும் பச்சைத் தாளும் ஒவ்வொன்று கேட்டு வாங்கினேன். வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் மீசை ஒன்று வரைந்து, அதன்மேல் சிவப்புத் தாளைப் பிடித்தேன். மீசையைக் காணோம். பச்சைத் தாளை வைத்ததும் கரேலென்று திரும்பி வந்தது.

இதேதான் வித்தை. ஃபிரெட்ரிக் மார்ச் முகத்தில் ஹைடின் கோடுகளை முதலிலேயே வண்ணத்தில் வரைந்துவிட்டார்கள். அதே வண்ண ஃபில்டர் இருக்கும்வரை கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்தக் கோடுகள் விழாது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் ஃபில்டரை மாற்ற மாற்ற, கண்ணைச் சுற்றி நிழல் ஏறும், கன்னம் ஒட்டும். 1925 'பென்ஹர்' படத்தில் குஷ்டம் குணமாகும் காட்சிக்கு அவர் இதையே செய்திருக்கிறார். முகம் மாறத் தொடங்குவதற்கு மட்டும்தான் இந்த வித்தை. முடியும் பல்லும் வர, படப்பிடிப்பை நிறுத்தி ஒப்பனை போட்டே ஆகவேண்டும். அந்தக் காட்சியில் கேட்கும் இதயத்துடிப்பு இயக்குநர் மமூலியனுடையது; மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடிவிட்டுப் பதிவு செய்தாராம். மார்ச்சுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பத்து வருஷம் கழித்து ஸ்பென்சர் டிரேசியை வைத்து இதே கதையைத் தான் எடுத்தபோது அதற்குப் போட்டி வேண்டாமென்று எம்.ஜி.எம். மார்ச் படத்தை விலைக்கு வாங்கி முடக்கியது. டிரேசி படம் எனக்குக் கொஞ்சம் சவசவ.

"நம்ம ஆளு ஃபில்டர் இல்லாமலே செஞ்சாரே!" என்றான். நிஜம்தான். 'அந்நியன்' படத்தில் பிரகாஷ்ராஜ் விசாரிக்கும் காட்சியில் நாயகன் விக்ரமுக்கு முகத்தில் விழும் முடியும் குரலும் போதுமாயிருந்தன. 2005 ஜூனில் வந்தது அந்தப் படம். அதற்கு இரண்டு மாதம் முன்பு 'சந்திரமுகி'. ஒரே கோடையில் இரண்டு பிளவு மனம்!

'அந்நியன்' வசனம் சுஜாதாவுடையது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயின்ட் ஜோசப்பில் தம்பியைப் போலவே இயற்பியல் படித்தவர். நாயகனின் முழுப்பெயர் ராமானுஜம். அது திருவல்லிக்கேணிக் கதைதான் என்றாலும், காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், தெருவுக்கு நாலு ராமானுஜத்தைப் பார்த்த நமக்கு அம்பி தெரிந்த பிள்ளை.

"கடைசி ரயில் காட்சி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். குணமாகிவிட்டான் என்று வெளியே விடப்பட்ட அம்பி, தங்கை சாவுக்குக் காரணமானவனை ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடுகிறான். இந்தத் தடவை தெரிந்தே. நாயகி நந்தினியிடம் மறைக்கவும் செய்கிறான்.

தம்பி சிவப்புத் தாளை மறுபடி மீசைமேல் வைத்துப் பார்த்தான். "அப்ப அங்கதான் அவன் ஜெகில் ஆகுறான்" என்றான்.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னும் இரண்டு சொன்னோம்.