பெங்களூர்த் திகளரின் பூர்விகம்

பெங்களூருக்குத் தமிழர் எப்பொழுது வந்தனர் என்று கேட்டால், 1809-இல் தண்டு அமைந்ததைக் கூறி நிறுத்திவிடுவோர் பலர். பட்டாளத்தின் பின்னே நம்மவர் திரளாக வந்தது மெய்யே. ஆயினும், அதற்கு முன்பே இந்நகரின் ஏரிக்கரைகளில் கீரையும் மலரும் பயிரிட்டு வாழ்ந்த கூட்டத்தார் ஒருவர் உளர். அவர்களைத் திகளர் என்பர்.

'திகள' என்பது தமிழரைக் குறிக்கக் கன்னட நாட்டார் வழங்கிய பழைய சொல். அயலார் இட்ட பெயரே குலப்பெயராக நிலைத்துவிட்டது. 1760-இல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியபொழுது தோட்டக்காரராக வந்தோர் என்பது செவிவழிச் செய்தி. அவர்களோ, திமிராசுரனை வதைக்கத் திரௌபதி தோற்றுவித்த வீரகுமாரரின் வழித்தோன்றல்கள் என்றும், அக்கினி குலத்தார் என்றும் தம்மைக் கூறிக்கொள்வர்.

இவற்றுள் எதை ஏற்பது? தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ரைஸ் என்பார் 1905-இல் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். ஆனால் கல் தமிழில் உள்ளது என்பதற்காக, அதைப் பொறித்தவர் திகளரின் பாட்டனார் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. தமிழ்ப்பற்று மிக்க அன்பர்கள் இவ்விடத்தில்தான் வழுக்கி விழுகின்றனர்.

கல்லைவிட வழிபாடு நன்றாகச் சாட்சி சொல்கிறது. சித்திரைப் பௌர்ணமி இரவில், திகளர்பேட்டைத் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து பெண் கோலம் பூண்ட பூசாரி கரகம் தாங்கிப் புறப்படுகிறார்; வாளேந்திய வீரகுமாரர் சூழ்ந்து வருகின்றனர். தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் செல்லும் என்பது இந்நகரின் தனிச்சிறப்பு. இதே திரௌபதி வழிபாடு செழித்த பகுதி செஞ்சியைச் சூழ்ந்த வடதமிழகம். அங்கே வன்னியர் அதனைப் போற்றி வருகின்றனர். இல்லங்களில் வழங்கும் கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழும் அத்திசையையே காட்டுகிறது. ஊரும் ஆண்டும் தெரியாவிடினும் திசை தெரிகிறது.

குலக்கதையை ஆவணத்தோடு ஒப்பிடுவது எங்கும் எளிதன்று. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் மெலஞ்சியன் எனப்படும் மக்கள் உளர். தம் முன்னோர் போர்ச்சுகீசியர் என்று பல குடும்பத்தார் கூறிவந்தனர். 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வோ, ஆராய்ந்த குடும்பங்களில் தந்தை வழி பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும், தாய் வழி ஐரோப்பாவையும் சேர்ந்தது என்று காட்டிற்று. அவர்களைப் பொய்யர் என்று ஏசலாகாது. நிறத்தைக் கண்டு உரிமை மறுத்த சட்டங்களின் காலத்தில் அக்கதை ஒரு கவசமாயிற்று.

தம் குடும்பத்தின் பூர்விகம் தேடும் அன்பர்கள் முதலில் குலதெய்வம் எங்குள்ளது என்று கேட்க வேண்டும். பின்னர்ப் பெண் கொண்ட ஊர்களையும், நிலப்பத்திரங்களில் உள்ள பெயர்களையும் குறித்தல் வேண்டும். திகளருக்கு இது கடினமாகிவிட்டது, தோட்டங்கள் வீடுகளாயின. கரகச் சடங்குகளுக்குரிய சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. சடங்கிற்கென்று ஒரு சிறு குளத்தை மட்டும் விட்டுவைத்துள்ளனர்.