தமயந்தி யார் பேச்சைக் கேட்கிறாள்?

மாடலை நிற்க வைத்து "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை உயிரில்லாமல் போகின்றன. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. மாடலுக்குச் செய்ய ஒரு காரியம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக ஒரு படம்: திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ஓவியர் ரவி வர்மா 1899-இல் வரைந்த 'அன்னமும் தமயந்தியும்' இருக்கிறது. சிவப்புச் சேலையில் நிற்கும் தமயந்தி நம்மைப் பார்க்கவில்லை. நளனைப் பற்றி அன்னம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நிற்கும் வாகு முழுவதும் கேட்பதிலிருந்தே வருகிறது. 1873-இல் வியன்னா கண்காட்சியில் ரவி வர்மாவுக்குப் பரிசு வாங்கித் தந்த ஓவியத்திலும் நாயர் பெண்ணொருத்தி கூந்தலில் பூச்சூடிக்கொண்டிருக்கிறாள். கைக்கு வேலை இருக்கிறது. உங்கள் மாடலுக்கும் அப்படி ஒன்றைக் கொடுங்கள்: பூத்தொடுக்கச் சொல்லலாம், பக்கத்திலிருந்து ஒருவரைக் கதை சொல்ல வைக்கலாம்.

ரவி வர்மாவின் ஓவியங்களைப் புகைப்படக் கலைஞர்கள் திரும்பத் திரும்பத் தேடி வந்திருக்கிறார்கள். பெங்களூருவின் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த தொடரில், ரவி வர்மாவின் நிலவொளிப் பெண்ணாகத் தானே நின்றார். நடிகை சுஹாசினியின் நாம் அறக்கட்டளைக்காகச் சென்னையின் ஜி. வெங்கட்ராம் எடுத்த 2020 காலண்டரில் சமந்தா, ஷோபனா, ரம்யா கிருஷ்ணன் உள்ளிட்டோர் ரவி வர்மாவின் பெண்களாக மாறினார்கள். இத்தகைய படத்தில் உடையும் நகையும் பாதி வேலைதான். மீதி, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது.

வீட்டு ஜன்னலே போதும். மாடலை அதற்குச் சாய்வாக உட்கார வையுங்கள். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல். நிழல் அதிகமானால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். வெயில் நேராக அடித்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். ஜூன் மழை மேகம் வானம் முழுக்க அதே வேலையைச் செய்யும். திருவனந்தபுரத்தில் மேற்கு பார்த்த சங்குமுகம் கடற்கரையில் அந்திச் சூரியன் முகத்தில் படும்; உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும், அந்த நேரத்தைத் தவிருங்கள்.

கேரளத்துக்கே உரிய தொல்லைகள் இரண்டு. ஒன்று, வெள்ளைக் கசவுப் புடவை. மாநிற முகத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால் வெள்ளைத் துணி வெளுத்து நெசவே மறைந்துவிடும். துணியில் விவரம் நிற்கும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, ரா ஃபைலாக எடுங்கள். முகத்தின் நிழலைப் பிறகு ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். இரண்டு, பச்சை. மரத்தடியில் இலைகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தோலில் பச்சையாகப் படியும். ஒயிட் பேலன்ஸை மாற்றினால் படம் முழுவதும் மாறுமே தவிர, தாடைக்கடியில் ஒட்டிய பச்சை போகாது. இலைகளிலிருந்து நாலடி தள்ளி நிறுத்துவதே சுலபமான வழி.

85 மி.மீ. லென்ஸ் முகத்துக்கு நல்லது. வைட் லென்ஸோடு கிட்டே போனால் மூக்கு பெரிதாகும். ஃபோகஸ் நமக்கு அருகிலுள்ள கண்ணில் இருக்கட்டும்.

எடிட்டிங்கில் முதலில் நிறத்தைச் சரிசெய்து, பிறகு வெட்டி, கடைசியில் தோலுக்கு வாருங்கள். நாலு நாளில் மறையும் பருவை எடுத்துவிடலாம். மச்சத்தையும் தழும்பையும் மாடலைக் கேட்காமல் தொடக் கூடாது. தோலை மொத்தமாக மழுக்காமல், 'டாட்ஜ் அண்ட் பர்ன்' முறையில் தனி லேயரில் சின்னச் சின்ன இடங்களை வெளிச்சமாக்கியும் இருட்டாக்கியும் சமன்செய்தால் தோலின் துளைகள் அப்படியே இருக்கும். பொறுமை வேண்டும், ஆனால் முகம் முகமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: நிறத்தை வெளுப்பாக்குவது. மாநிறத்திலும் கறுப்பிலும் வெளிச்சம் விழும் அழகைப் பிடிக்கத்தானே இவ்வளவு பாடும். அதை ஒரு ஸ்லைடரால் அழிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அவமரியாதை.

முடித்த படத்தை வெளியிடும் முன் மாடலிடம் காட்டுங்கள். இன்ஸ்டாகிராமிலா, கண்காட்சியிலா, விளம்பரத்திலா, எங்கே பயன்படும் என்பதை எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரம் என்றால் அதற்கான சம்பளத்தையும் அதே தாளில் குறியுங்கள்.