கேம் கன்சோலில் ‘புரோ’ மாடல்: கூடுதல் பணம் எதற்கு?

2024 தீபாவளிக்கு மண்டபத்தில் உள்ள அக்கா வீட்டிற்குச் சென்றிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன் என்னைப் பார்த்ததும், “மாமா, பிளே ஸ்டேஷன் 5 புரோ வரப் போகுது. வெளிநாட்டுல இருந்து வர்றவங்ககிட்டச் சொல்லி வாங்கிரலாம். அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க” என்றான். மச்சான் படகு வைத்திருக்கிறார். புது வலைக்காக அவர் சேர்த்த பணம்தான் வீட்டில் இருந்தது. “நீ வாங்கித் தந்த பிளே ஸ்டேஷன் 4 நல்லாத்தானே ஓடுது மாப்ளே, இதுல அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கு தருகிறேன்.

அதே படகு, பெரிய எஞ்சின்

கம்ப்யூட்டரில் கேம் மெதுவாக ஓடினால் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். கேம் கன்சோலில் இது முடியாது. பிராசசர், கிராபிக்ஸ், மெமரி எல்லாம் ஒரே போர்டில் பதிக்கப்பட்டிருக்கும். எனவே சில ஆண்டுகள் கழித்து, வேகம் கூட்டிய மாடலை நிறுவனமே வெளியிடுகிறது. சோனியின் பிளே ஸ்டேஷன் 4 வந்தது 2013ல்; 4 புரோ வந்தது 2016ல்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழைய மாடலை வாங்கிய கோடிக்கணக்கானவர்களைக் கைவிட முடியாது. வரும் கேம்கள் இரண்டிலும் ஓட வேண்டும். ஆகவே பிராசசரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, கிராபிக்ஸ் பகுதியை மட்டும் பெரிதாக்குகிறார்கள். பிளே ஸ்டேஷன் 4ல் கிராபிக்ஸ் யூனிட்டுகள் 18, புரோவில் 36. பழைய கேம் ஓடும்போது அதில் பாதி நிறுத்தப்பட்டுவிடும். பிராசசர் வேகமோ 1.6 கிகாஹெர்ட்ஸில் இருந்து 2.1 ஆக மட்டுமே உயர்ந்தது.

படகை மாற்றாமல் எஞ்சினை மட்டும் பெரிதாக்குவது போன்றது இது என்றேன். “எஞ்சின் பெருசானா டீசலும் கூடக் கேக்குமே” என்றார் மச்சான். மிகச் சரி. கிராபிக்ஸ் பெரிதானால் மின்சாரம் கூடுதலாக வேண்டும். வெப்பமும் கூடும். பவர் சப்ளையும் குளிர்விக்கும் அமைப்பும் பெரிதாக வேண்டும். எல்லாம் செலவுதான்.

எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்?

4 புரோ 399 டாலருக்கு வந்தது. ஆனால் அதில் 4கே ப்ளூ-ரே டிரைவ் இல்லை. 2017ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸில் அந்த டிரைவும் 12 ஜிபி மெமரியும் இருந்தன. விலை 499 டாலர்.

பிளே ஸ்டேஷன் 5 புரோ 2024 நவம்பர் 7ல் வெளியானது. கிராபிக்ஸ் யூனிட்டுகள் 36ல் இருந்து 60 ஆயின. ஸ்டோரேஜ் 2 டெராபைட். பிராசசர் அதே வகைதான். டிஸ்க் டிரைவ் கிடையாது. வெளியானபோது விலை 700 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 59 ஆயிரம் ரூபாய். டிரைவ் வேண்டும் என்றால் மேலும் 80 டாலர் தர வேண்டியிருந்தது.

நமக்குப் பயன் உண்டா?

மூன்று விஷயங்களைப் பார்த்தோம்.

முதலாவது, டிவி. கூடுதல் கிராபிக்ஸின் முழுப் பலன் 4கே டிவியில்தான் தெரியும். அக்கா வீட்டில் இருப்பது 32 இன்ச் எச்டி டிவி.

இரண்டாவது, டிஸ்க். அவனிடம் உள்ள கேம்கள் எல்லாம் டிஸ்க்கில் இருப்பவை. டிரைவ் இல்லாவிட்டால் அவை பயன்படாது. டவுன்லோட் செய்யலாம் என்றால், 80 ஜிபி கேம் ஒன்றை தினம் 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் இறக்க 40 நாட்கள் ஆகும்.

மூன்றாவது, சர்வீஸ். இந்த மாடலில் உள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இந்தியாவில் அனுமதி இல்லை. அதனால் சோனி இதை இங்கு வெளியிடவில்லை. (இந்த அலைவரிசையின் ஒரு பகுதியைத் திறந்துவிடும் வரைவு விதிகள் 2025 மே மாதத்தில்தான் வந்தன.) வெளிநாட்டில் வாங்கி வந்து பழுதானால் இங்கே வாரண்டியை நம்ப முடியாது.

பையனின் முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் பணம் வலைக்கே போனது. அவன் பழைய பெட்டியிலேயே விளையாடுகிறான்.

நீங்களும் ‘புரோ’ என்ற பெயரைப் பார்த்ததும் பணத்தை எடுத்துவிடாதீர்கள். முதலில் உங்கள் டிவி, இன்டர்நெட் இணைப்பு, கையில் உள்ள டிஸ்க்குகள் ஆகிய மூன்றையும் பாருங்கள். இவை மாறாமல் கன்சோலை மட்டும் மாற்றினால், கொடுத்த பணத்தில் பாதி கூடத் திரையில் தெரியாது.