மூளைக்கடியில் இருக்கும் வளையம் முழுமையாக இல்லையென்றால் பக்கவாதம் வருமா?

அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம். அதையொட்டி மூளை ரத்தக்குழாய் ஸ்கேனுக்குச் சலுகை விலை அறிவித்து, ‘மாத இறுதி வரை மட்டுமே’ என்று விளம்பரம் செய்கிறார்கள். தேதி நெருங்க நெருங்க நமக்கு வரும் கடிதங்களும் கூடுகின்றன. சலுகை முடிவதற்குள் எடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் சிலர். எடுத்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் பலர். அவர்களுடைய ரிப்போர்ட்டில் ‘வலது ஏ-1 ஹைப்போபிளாசியா’ என்றோ ‘இடது ஃபீட்டல் பி.சி.ஏ.’ என்றோ எழுதி, கீழே ‘நார்மல் வேரியன்ட்’ என்று முடித்திருக்கிறார்கள். குழாய் மெலிந்திருக்கிறது என்றும் சொல்கிறார்கள், நார்மல் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

‘நார்மல் வேரியன்ட்’ என்றால், இப்படி இன்னும் பலருக்கும் இருக்கிறது என்று மட்டுமே பொருள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. உங்களுக்கு நோய் என்ற தீர்ப்பும் இல்லை.

கழுத்தின் முன்பக்கம் ஏறும் இரண்டு கரோட்டிட் தமனிகளையும் பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி ஏறும் இரண்டு தமனிகளையும் மூளையின் அடிப்பகுதியில் ஒரு வளையம் இணைக்கிறது. வில்லிஸ் வளையம் என்று அதற்குப் பெயர். பாடப்புத்தகப் படத்தில் அது எப்போதும் முழுமையாக இருக்கும். மனிதர்களிடம் அப்படி இல்லை. நெதர்லாந்தில் 150 பேருக்கு எம்.ஆர். ஆஞ்சியோ எடுத்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில் 42 சதவீதம் பேருக்குத்தான் வளையம் முழுமையாக இருந்தது. நார்வேயின் டிராம்ஸோ நகரில் 1,864 பேரைப் பார்த்தபோது அது சுமார் 12 சதவீதமாகக் குறைந்தது. எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒரு குழாயை ‘இல்லை’ என்று எழுதுவது என்பதை ஒவ்வோர் ஆய்வும் தானே முடிவு செய்வது இவ்வளவு வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம். இந்த இரண்டில் எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், முழு வளையம் உள்ளவர்கள் பாதிக்கும் குறைவு.

இந்த வளையம் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் விளம்பரங்கள் சொல்வதே இல்லை. வலப் பக்கத்தையும் இடப் பக்கத்தையும் இணைக்கும் முன் இணைப்புத் தமனி சில மில்லிமீட்டர் நீளம்தான். சாதாரண நாட்களில் அதன் வழியே ஏறக்குறைய எதுவும் ஓடுவதில்லை. இரண்டு ஏரிகளை ஒரு வாய்க்கால் இணைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நீர்மட்டம் சமமாக இருக்கும்வரை வாய்க்காலில் தண்ணீர் அசையாது. ஒன்றில் மட்டம் இறங்கிய மறுகணமே மற்றதிலிருந்து பாயத் தொடங்கும். மதகு திறக்க ஆள் வேண்டியதில்லை. மூளையிலும் அப்படித்தான். வலது கரோட்டிட் அடைபட்டு அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்தால், இடப் பக்கத்து ரத்தம் தானாகவே குறுக்கே பாய்கிறது. நரம்பின் கட்டளை வேண்டாம், ஹார்மோன் வேண்டாம். அழுத்த வித்தியாசம் ஒன்றே போதும்.

ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட மூளை உடற்கூறு நூலில் இதைச் சோதித்தே காட்டினார். (அந்த நூலுக்குப் படம் வரைந்த கிறிஸ்டோபர் ரென்தான் பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியவர்.) வளையத்தை முதலில் பார்த்தவர் வில்லிஸ் அல்ல, அவருக்கு முன்பே சிலர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அது எதற்காக இருக்கிறது என்று கேட்டதில்தான் அவருடைய பெருமை. ஒரு பக்கக் கரோட்டிட்டில் நிறமேற்றிய திரவத்தைச் செலுத்தினார். அது மறுபக்கத்துக் கரோட்டிட் வழியே இறங்கி வந்தது. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது வலது கரோட்டிட் கல்போல் இறுகி முழுக்க அடைபட்டிருந்தது. ஆனால் அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்ததே இல்லை. அதே பக்கத்தில் முதுகெலும்பை ஒட்டி ஏறும் தமனி மற்றதைப்போல மூன்று மடங்கு பருத்திருந்தது.

குழாய் பருப்பதற்குக் கால அவகாசம் வேண்டும். அடைப்பு ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்ந்தால் வளையம் அதற்கேற்ப விரிகிறது. இதயத்திலிருந்து ஒரு ரத்தக்கட்டி திடீரென்று வந்து அடைத்தால், அந்த நொடியில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் மூளை சமாளித்தாக வேண்டும். ஒரே அளவு அடைப்பு ஒருவரைச் சாய்த்துவிடுவதும் இன்னொருவருக்கு அது இருப்பதே தெரியாமல் போவதும் இதனால்தான்.

கரோட்டிட் அடைப்பை அகற்றும் அறுவை சிகிச்சையில் இதை நேரிலேயே பார்க்கலாம். சில இடங்களில் நோயாளியை மயக்காமல், கழுத்தை மட்டும் மரக்கச் செய்து அறுக்கிறார்கள். அமுக்கினால் சத்தம் போடும் ரப்பர் பொம்மை ஒன்றை எதிர்ப்பக்கத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். தமனியைக் கிளாம்ப் போட்டுப் பிடித்ததும் ‘அமுக்குங்க’ என்பார் மயக்கவியல் மருத்துவர். சத்தம் வந்தால் வளையம் வேலை செய்கிறது. கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே ஒரு தற்காலிகக் குழாயைச் செருகி ரத்தத்தை மேலே அனுப்ப வேண்டும். எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும்விட எனக்கு இந்தப் பொம்மையின் மேல் நம்பிக்கை அதிகம். காரணம் இருக்கிறது. சலுகை விலையில் பெரும்பாலும் எடுக்கப்படும் எம்.ஆர். ஆஞ்சியோ, குழாயின் சுவரை அல்ல, அதற்குள் ஓடும் ரத்தத்தைத்தான் படம் பிடிக்கிறது. ஓட்டம் இல்லாத இணைப்புக் குழாய் அதில் தெரியாமல் போகலாம். அப்படியானால் ‘பி.காம் (பின் இணைப்புத் தமனி) தெரியவில்லை’ என்ற வரிக்கு, அது இல்லை என்று அர்த்தமாகாது. தேவை வராததால் அது சும்மா இருக்கலாம்.

வளையம் முக்கியமே இல்லையா என்று கேட்காதீர்கள். கரோட்டிட்டில் கடுமையான அடைப்பு உள்ளவர்களைப் பின்தொடர்ந்த வட அமெரிக்க ஆய்வின் தரவுகளைப் பிரித்துப் பார்த்து 2000-இல் வெளியிட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் மாற்றுப் பாதை இல்லாதவர்களுக்கு 2 ஆண்டுகளில் பக்கவாத அபாயம் சுமார் 28 சதவீதம், இருந்தவர்களுக்கு 11 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனால் அவர்கள் அனைவருக்கும் அடைப்பு ஏற்கெனவே இருந்தது. வளையம் அடைப்பை உண்டாக்குவதில்லை, அடைப்பு வந்தபின் என்ன நடக்கும் என்பதைத்தான் மாற்றுகிறது. இந்த எண்களை நல்ல உடல்நலத்தோடு இருக்கும் 40 வயதுக்காரரிடம் காட்டி ஸ்கேனுக்குக் கூப்பிடுவது நியாயமல்ல.

எனக்குக் கவலை தருவது ஃபீட்டல் பி.சி.ஏ.தான். கருவில் மூளையின் பின்பகுதிக்குக் கரோட்டிட்டிலிருந்தே ரத்தம் போகிறது. பிறகு பெரும்பாலோருக்கு அந்த வேலையை முதுகெலும்பை ஒட்டி வரும் தமனிகள் ஏற்றுக்கொள்கின்றன. சிலருக்குப் பழைய ஏற்பாடே நிலைத்துவிடுகிறது. அப்போது மூளையின் ஒரு பாதியில் முன்பகுதி, நடுப்பகுதி, பார்வைக்கான பின்பகுதி எல்லாமே ஒரே கரோட்டிட்டை நம்பியிருக்கின்றன. வழக்கமாக மூளையின் நடுப்பகுதிக்குப் போகும் நடுத் தமனி அடைபட்டால், பின்பகுதிக்குப் போகும் தமனியின் நுனிக் கிளைகள் மூளையின் மேற்பரப்பு வழியாகக் கொஞ்சம் கைகொடுக்கும். இங்கே கரோட்டிட்டே அடைபட்டால் இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான் என்பதால் அந்த உதவியும் கிடைக்காது. இன்னொரு சிக்கல்: பின்பகுதியில் பாதிப்பைப் பார்க்கும் மருத்துவர் முதுகெலும்பை ஒட்டி வரும் தமனிகளில் காரணம் தேடுவார், குற்றவாளி முன்பக்கக் கரோட்டிட்டாக இருக்கும். ஃபீட்டல் பி.சி.ஏ. மட்டுமே பக்கவாதத்தைக் கூட்டுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம், அவசரத்தில் மருத்துவருக்கு உதவும்.

ஏ-1, அதாவது கரோட்டிட்டிலிருந்து முன் இணைப்பு வரை செல்லும் முன் தமனியின் துண்டு, ஒரு பக்கம் மெலிந்தவர்களுக்கு விஷயம் வேறு. இரு பக்கத்துச் சுமையையும் மறுபக்கத்து ஏ-1 சுமக்கிறது. அந்தக் கூடுதல் ரத்த ஓட்டம் முன் இணைப்பு பிரியும் இடத்தில் மோதுவதால், அங்கே சுவர் பலூன்போல் புடைக்கும் அன்யூரிசம் இவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. ரிப்போர்ட்டில் அன்யூரிசம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஏ-1 பற்றிய வரியைவிட அதுதான் முக்கியம்.

எல்லாவற்றையும்விட அடிப்படையான ஒன்று: பக்கவாதத்தில் மிக அதிகமாக அடைபடும் நடுத் தமனி, வளையத்தைத் தாண்டித்தான் புறப்படுகிறது. ரத்த அழுத்தத்தால் கெடும் நுண்குழாய்களில் பலவும் அப்படியே. முழு வளையம் இருந்தாலும் அங்கே அதனால் உதவ முடியாது. நடுத் தமனிக்கு மேற்பரப்பின் நுனி இணைப்புகள் மட்டுமே துணை, அவை ஆளுக்கு ஆள் மாறும்.

பக்கவாதம் வந்தபின் சிகிச்சைக்கு அவகாசம் நாலரை மணி நேரமா, 24 மணி நேரமா என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான வரம்பு நாலரை மணி. பெரிய தமனியில் உள்ள கட்டியைக் கம்பி விட்டு எடுக்கும் சிகிச்சை 24 மணி நேரம் வரைகூடச் சிலருக்குப் பலன் தரும் என்று 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அந்தச் ‘சிலர்’ நுனி இணைப்புகள் நன்றாக அமைந்து, மூளை மெதுவாகச் சாகிறவர்கள். நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று போஸ்டர்களில் போடுவது சராசரிக் கணக்கு. நீங்கள் வேகமாக இழப்பவரா, மெதுவாக இழப்பவரா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

மற்ற கேள்விகள். சலுகை முடிவதற்குள் எடுக்கலாமா? அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குக் கரோட்டிட் அடைப்பைத் தேடும் சோதனையே வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2021-இல் மறுபடியும் சொல்லிவிட்டது.

உடற்பயிற்சியால் இல்லாத குழாய் முளைக்குமா? முளைக்காது.

ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே ஆஸ்பிரின் தொடங்கலாமா? கூடாது.

சலூனில் கழுத்தைச் சொடுக்கு எடுப்பது? முதுகெலும்பை ஒட்டி ஏறும் தமனியின் உட்சுவர் கிழியக்கூடும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தில் அன்யூரிசம் வந்திருந்தால்? பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இருவருக்காவது வந்திருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

ஸ்கேனுக்கான பணத்தை வேறு எதில் போடலாம்? நல்ல பி.பி. கருவி ஒன்று வாங்குங்கள், 140-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் மருத்துவரைப் பாருங்கள்.